சக்கரத்துக்கு வைத்த பொட்டு

நாகலக்ஷ்மி கயிற்றை மூன்று முறைதான் இழுப்பார். இன்ஜின் வாய் திறக்கவில்லை என்றால் நான்காவது இழுப்பு கிடையாது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, புல்வெட்டும் மெஷினுக்கு அருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "இழுத்துண்டே இருந்தா தோள்தான் போகும். எது வரலைன்னு பாக்கணும். பெட்ரோலா, காத்தா, ஸ்பார்க்கா?"

அறுபத்து நான்கு வயது. கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகப் பணிமனையில் முப்பது வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுத்தவர். "என்ன கம்ப்ளெய்ண்ட்னு சொல்லாம ஒருத்தனுக்கும் ஒரு போல்ட் குடுத்ததில்லே." கேட்டுக் கேட்டே வித்தை கைக்கு வந்தது. இப்போது நியூ டவுனில் அவர் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மெஷின், யாரும் கேட்டுக்கொள்ளாமலே அவர் பொறுப்பில். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. அதன் பையில் ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா. ஆறு அறைகளில் பிளக், வாஷர், திருகாணி. ஞாயிறு அறையில் மட்டும் ரத்த அழுத்த மாத்திரை.

செப்டம்பரில் தோட்டக்காரர் மது அந்த மெஷினுக்கு விஸ்வகர்மா பூஜை போடுவார். நாகலக்ஷ்மிக்கு அது போதாது. ஆயுத பூஜையன்று மேல்மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் சக்கரத்துக்கே சந்தனமும் குங்குமமும் வைப்பார். "மூடிக்கு வச்சா மெஷினுக்கு வச்ச மாதிரியா?"

இந்த வருஷம் பூஜை விடுமுறை முடிந்ததும் மெஷின் ஓடவில்லை. மது அதை மழையில் போட்டுவிட்டார், ஈரம் ஏறி ஸ்பார்க் போயிற்று என்று குடியிருப்புச் செயலாளர் ஸ்ரீநிவாஸிடம் எழுதியே கொடுத்துவிட்டார் நாகலக்ஷ்மி. ஞாயிறு பதினோரு மணிக்குக் கமிட்டி. மதுவை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பதுதான் பேச்சு.

அன்று எட்டு மணிக்கே முக்காலி வந்துவிட்டது. நனைந்து கெட்ட பாகத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது பிடிவாதம்.

"ஆமி கோரினி, மாஷிமா" என்றார் மது. நான் செய்யவில்லை மாமி, தார்ப்பாய் போட்டு மூடினேன் என்று பத்து நாளாக இதையேதான் சொல்கிறார்.

"நீ சும்மா இரு. மெஷின் சொல்லட்டும். குடையைப் பிடி, வெயில்ல ஸ்பார்க் தெரியாது."

பிளக்கைக் கழற்றி, வயர் நுனியிலுள்ள தொப்பிக்குள் மறுபடி செருகி, பிளக்கின் இரும்பை இன்ஜின் உடம்போடு ஒட்டிப் பிடித்தார். குடை நிழலில் மது கயிற்றை இழுத்தார். பொறி இல்லை. புதுப் பிளக் போட்டார். அதிலும் இல்லை. மூடியைக் கழற்றி, ஸ்பார்க் கொடுக்கும் காயிலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்து இடைவெளி பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. காயில் காய்ந்துதான் கிடந்தது, துருவும் இல்லை. மணி பத்து.

ஒன்று பாக்கி. மெஷினை நிறுத்தும் சுவிட்சிலிருந்து காயிலுக்கு ஒரு மெல்லிய கம்பி வருகிறது. அது இரும்பில் பட்டால் ஸ்பார்க் நின்றுவிடும். அதை மட்டும் பிடுங்கிவிட்டு, மூடியை மாட்டி, "இழு" என்றார்.

நீலமாகச் சொடுக்கியது பொறி.

"ஆச்சே மாஷிமா! ஆச்சே!" இருக்கிறது, இருக்கிறது என்று மது குடையைக் கீழே போட்டுவிட்டார்.

நாகலக்ஷ்மி சிரிக்கவில்லை. காயில் உயிரோடு இருக்கிறது, அப்படியானால் கம்பி எங்கோ இரும்பைத் தொடுகிறது. மறுபடி மூடியைக் கழற்றி, நாடி பார்ப்பதுபோல் கம்பியை விரலால் தடவிக்கொண்டே போனார். மூடியின் விளிம்பு உட்காரும் இடத்தில் விரல் நின்றது. கம்பி அதன் கொக்கியிலிருந்து விலகி, விளிம்புக்கு அடியில் நசுங்கி, செம்பு தெரிந்தது. அதை ஒட்டிக் கம்பியிலேயே காய்ந்துபோன சந்தனம், அதன் மேல் ஒரு சிவப்புத் தீற்று.

சக்கரத்துக்கு விரல் எட்டவில்லை என்று ஆயுத பூஜையன்று அந்தக் கம்பியை ஒதுக்கிவிட்டவர் யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மூடியை வேறு யாரும் கழற்றுவதில்லை.

மது குனிந்து பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "பிருஷ்டி தோ நா, மாஷிமா" என்றார் மெதுவாக. மழையால் இல்லையே.

"தெரியறது. டேப்பை எடு."

நசுங்கிய ஒரு அங்குலத்தை வெட்டி எடுத்தார். முனைகளை முறுக்கி, டேப் சுற்றி, கம்பியைக் காயிலிலும் கொக்கியிலும் மாட்டி, மூடியைத் திருகி, பிளக்கைப் பொருத்தினார். இரண்டாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது. கைப்பிடியை மதுவிடம் விட்டுவிட்டு, மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கி, காலியான ஞாயிறு அறையில் வெட்டிய துண்டைப் போட்டு மூடினார்.

கமிட்டி அறையில் ஜன்னல் வழியே மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்ரீநிவாஸ் அவர் எழுதிய புகாரை எடுத்து மேஜைமேல் விரித்தார். "வாங்கோ மாமி. எந்த பார்ட் நனைஞ்சு போச்சு, கண்டுபிடிச்சேளா?"

நாகலக்ஷ்மி உட்காரவில்லை. டப்பாவைத் திறந்து கம்பித் துண்டைப் புகாரின் நடுவில் வைத்தார். அதிலிருந்த சந்தனத்தின் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி, பொட்டு வைக்கும் தன் மோதிர விரலை நீட்டி வைத்தார்.