நான் சொன்ன கிரைண்டர்

கர்... கர்... என்று கருங்கல்லில் இரும்பு உரசும் சத்தம்.

தொண்ணூறுகளில், காரைக்குடி வாடகை வீட்டில் எங்கள் காலை அப்படித்தான் விடியும். பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள், கல் நிலையில் இருந்த ஓட்டைக்குள் போகாது. நூலிழைதான் விலகல். ஆனாலும் போகாது.

அதனால் உள்ளே போகிறவர் இருமிக்கொண்டே இருக்க வேண்டும். வந்து போன விருந்தாளிகள் எங்கள் குடும்பத்துக்கே நெஞ்சுச்சளி என்று நினைத்திருப்பார்கள்.

கொத்தனார் வந்து பார்த்தார். "நிலைய உடைச்சுத்தான் சார் ஆகணும்" என்றார். வீட்டுக்காரர் முதலில் என்னை உடைப்பார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் நண்பர் வீட்டில் அந்த மெஷினைப் பார்த்தேன். துபாய்ச் சாமான். டார்ச் லைட் அளவுதான். முனையில் சின்னக் கல்லை மாட்டினால் தேய்க்கும், தகட்டை மாட்டினால் அறுக்கும், பஞ்சை மாட்டினால் பாலிஷ் போடும். ரோட்டரி டூல் என்கிற பேரெல்லாம் அப்போது தெரியாது. நாங்கள் வைத்த பேர், சின்ன கிரைண்டர்.

நிலை ஓட்டையை நூலிழை தேய்த்துவிட்டால் தாழ்ப்பாள் விழுந்துவிடுமே! அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பேட்டரியா, வயரா? ஒரே வேகமா, ரெகுலேட்டர் வைத்ததா? பேட்டரி செத்துப்போனால் இங்கே எங்கே போய்த் தேடுவது... சரி, வயர்தான்.

என் மனைவி ஸ்டெல்லா அப்போது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தாள். ஆட்டுக்கல்லில் மாவாட்டி மாவாட்டி வீங்கிய கை. கிறிஸ்துமஸ் வேறு வருகிறது, அவள் அம்மா வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டில்தான். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டால், "தைலம் தேச்சாச் சரியாப் போயிரும். நீங்க போயி உங்க கதவப் பாருங்க" என்பாள்.

அவள் தம்பி ஆரோக்கியத்துக்கு சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. வீட்டுக்காரர் போனுக்குக் கூப்பிட்டான்.

"மச்சான், கிறிஸ்துமஸுக்கு வாரேன். எல்லாருக்கும் வாங்கணும், அதனால வீட்டுக்கு ஒரு சாமான்தான். உங்களுக்கு என்ன வேணும்?"

"கிரைண்டர் மாப்ள. சின்னது. கல்லு வச்சது, வயர் உள்ளது. நல்லா வேகமாச் சுத்தணும்."

சின்னது, கல்லு வச்சது, வயர் உள்ளது என்று ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொண்டான்.

"சரி மச்சான். அக்காட்டக் குடுங்க."

ஸ்டெல்லா வாங்கிப் பேசினாள். "நல்லா இருக்கேன்டா... கையா? யார்றா சொன்னா? லேசா வீக்கம். நீ பத்திரமா வந்து சேரு."

வந்தான். பெட்டியைப் பிரித்தான். உள்ளே... மாவாட்டுகிற டேபிள் டாப் கிரைண்டர்!

திருப்பிப் பார்த்தால் அடியில் கோயம்புத்தூர் என்று போட்டிருக்கிறது. இங்கே செய்து, கடல் தாண்டிப் போய், மறுபடியும் இங்கேயே வந்திருக்கிறது.

"என்ன மாப்ள இது?"

"நீங்கதானே மச்சான் சொன்னீக? சின்னது, கல்லு வச்சது, வயர் உள்ளது..." முகத்தில் சிரிப்பே இல்லை. வீடே சிரித்தது. நானும்தான், வேறு என்ன செய்ய?

ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. துணி சுற்றிய கையால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு நேரே உள்ளே போனாள். அரிசியை ஊறப்போட்ட சத்தம் கேட்டது.

கதவுக்கு, அந்த வீட்டைக் காலி செய்கிற வரைக்கும் இருமல்தான்.

இப்போது சொந்த வீடு. போன மாதம் செல்போனில் நாலு தட்டு தட்டினேன், அந்த மெஷின் வீடு தேடி வந்துவிட்டது. பெட்டி நிறைய முனைகள். தேய்க்கத்தான் ஒன்றும் இல்லை... எல்லாத் தாழ்ப்பாளும் ஒழுங்காக விழுகின்றன.

ஆரோக்கியம் ரிட்டயர் ஆகி ஊரோடு வந்துவிட்டான். நேற்று வந்தவன் அதைக் கையில் எடுத்தான். பார்க்காமலே முனையைக் கழற்றி, வேறு ஒன்றை மாட்டினான்.

"அன்னைக்கு நீங்க கேட்டது இதானே மச்சான்?"

"அடப்பாவி! அப்பத் தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"காலம் பூரா கப்பல்ல கிரைண்டர் பிடிச்ச கை மச்சான் இது. எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு ஒரு சாமான்தான்னு சொன்னேன்ல..."

அதற்கு மேல் அவன் சொன்னது காதில் விழவில்லை. அடுப்படியில் ஸ்டெல்லா கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அதே கிரைண்டர்தான், பெல்ட் மட்டும் மாற்றியிருக்கிறோம்.