இன்னும் ரெண்டு கொதி

செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஆதிமூலத்தின் மீன் சாப்பாட்டுக் கடைக்குப் பெயர்ப் பலகை உண்டு. வெயிலில் வெளுத்து எழுத்தெல்லாம் போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டு யாரும் வருவதில்லை. மதியம் தெருவில் பரவும் குழம்பு வாசமே பல வருடங்களாக ஆட்களை அழைத்து வருகிறது. பஸ் ஓட்டுகிறவர்கள், கடைவீதி வியாபாரிகள், தாலுக்கா ஆபீசுக்கு வல்லத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

அந்த வாசம் இப்போது ஆதிமூலத்துக்கு மட்டும் தெரியாது. மாசியில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெந்தயம் தாளித்தாலும் ஒன்றுதான், வெந்நீர் வைத்தாலும் ஒன்றுதான். நாக்கும் மரத்துப்போயிருந்தது. "வந்தாலும் வரும், சொல்ல முடியாது" என்றார் டாக்டர். சமைக்கிறவனுக்கு மூக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் யார் இலை முன்னால் உட்காருவார்கள்? அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி ஜெயத்திடமும் சொல்லவில்லை.

ஜெயம் மேல்சித்தாமூரில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தவள். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று சொல்லி வந்தவள். ஆனாலும் ஒரு சொட்டு மீன் குழம்பு அவள் நாக்கில் பட்டதில்லை. "நீங்க உங்க மாதிரி இருங்க, நான் என் மாதிரி இருக்கேன்" என்பது கல்யாணத்தன்றே ஆன பேச்சு. சமையல்கட்டை ஒட்டிய அறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். மீனைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதே இல்லை.

கை அளவு இருக்கிறதே என்று ஆதிமூலம் சமாளித்தார். பங்குனியில் புதுப் புளி வந்தபோதுதான் வினை வந்தது. புதுப் புளிக்குக் கொதி கூட வேண்டும். பழைய புளிக்குப் பழகிய கை, பழகிய நேரத்திலேயே மீனைப் போட்டு இறக்கிவிட்டது.

கடைக்கு நெடுநாளாக வரும் கண்டக்டர் விநாயகம் முதல் கவளத்திலேயே நிறுத்தினார்.

"இன்னா முதலாளி, மாமியார் வூட்டு ரசத்துல மீன போட்டுட்டியா? பல்லு கூசுதுய்யா!"

பெஞ்சே சிரித்தது. ஆதிமூலமும் சிரித்தார். ஆனால் விநாயகம் மோர்கூட வாங்காமல் இலையை மூடிவிட்டு எழுந்தார். மறுநாள் விநாயகம் வரவில்லை. அதற்கடுத்த நாள் பாதிச் சட்டி குழம்பு மிஞ்சியது.

அன்று சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஜெயத்திடம் போனார். "கடைய விட்டுடலாம்னு பாக்கறேன். வயசாவுது."

ஜெயம் மிஷினை நிறுத்தினாள். "வயசெல்லாம் இல்ல. உங்களுக்கு வாசன தெரியல. அத சொல்லுங்க."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? போன வாரம் எதிர்ல சாக்கட உடைஞ்சி தெருவே மூக்கப் பொத்திக்கினு போச்சி. நீங்க அது பக்கத்துல நின்னு டீ குடிச்சீங்க. எங்கிட்ட கூடவா மறைக்கணும்?"

"மீன் சமாச்சாரத்த உங்கிட்ட எப்டி பேசறது, ஜெயம்?"

அவள் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள்.

மறுநாள் குழம்பு கொதிக்கும்போது சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆதிமூலம் மீன் தட்டைக் கையில் எடுத்தார்.

"ஐய, இருங்க. பச்ச வாசன அப்டியே நிக்குது."

"நீ வாயில வெச்சதே இல்லியே, உனக்கு எப்டித் தெரியும்?"

"இத்தினி வருஷமா செவுத்துக்கு அந்தாண்டதான உக்காந்திருக்கேன்? மொதல்ல வெந்தயம் வரும். அப்புறம் புளி தூக்கும். அது அடங்கி, மொளகாத்தூளும் எண்ணெயும் ஒண்ணா கலந்து ஒரு வாசன வரும். வந்த புதுசுல எனக்குக் கொமட்டும். இப்ப அது வரலன்னா தையல் ஓட மாட்டேங்குது."

ஆதிமூலம் தட்டைப் பிடித்தபடி அவளையே பார்த்தார்.

"என்ன ஏன் பாக்கறீங்க? சட்டியப் பாருங்க. இன்னும் ரெண்டு கொதி."

ரெண்டு நாலாயிற்று. கண்ணை மூடி நின்றவள் கடைசியில் தலையசைத்தாள்.

"இப்ப சரி. இதுக்கு மேல உங்க பாடு. நான் போறேன்."

அவள் முதுகு மறையும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் மீனைச் சட்டியில் இட்டார்.

அன்று சாப்பிட்டவர்கள் இரண்டாம் முறை குழம்பு கேட்டார்கள். செய்தி எப்படிப் போனதோ, நாலாம் நாள் விநாயகமும் வந்தார். குழம்பைச் சோற்றில் குழி பறித்து ஊற்றச் சொன்னார். பேச்சே இல்லாமல் சாப்பிட்டு, மோரையும் வாங்கிக் குடித்துவிட்டு, "பஸ்ஸு கெளம்பிடும்யா" என்று ஓடினார். அவர் இலையில் முள்ளைத் தவிர எதுவும் இல்லை.

ஆதிமூலம் கையைத் துடைத்துக்கொண்டு மிஷின் அறைக்குப் போனார்.

"விநாயகம் வந்தாரு."

"வந்தது கேட்டுச்சி. அப்புறம் சத்தமே காணோம், அதான் நல்லா இருக்குதுன்னு நெனச்சேன்." அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்கி நெறைய துணி வெட்டணும். மறந்துடுவேன். நீங்களே ஒரு கொரல் குடுங்க."

"குடுக்கறேன்."

"மீன எடுக்கறதுக்கு முன்னால."

"முன்னாலயேதான்" என்றார் அவர். ஆனாலும் போக மனமில்லாமல், அவள் வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.