வீட்டில் ஊசி போடாத நர்ஸ்

எங்கள் தெருவுக்கு ஒரு கெட்ட பழக்கம். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தை மெடிக்கலில் வாங்கிக்கொண்டு நேராகக் கயல்விழி வீட்டு வாசலில் போய் நிற்போம். விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். நாளெல்லாம் நின்ற காலோடு வருகிறவளைச் செருப்பைக்கூடக் கழற்ற விடமாட்டோம். அவளும் முகம் சுளிக்காமல் கையைக் கழுவிக்கொண்டு வந்து போடுவாள். காசு வாங்கமாட்டாள். ஒரு பிடி முருங்கைக்கீரை, இரண்டு கத்தரிக்காய், அவ்வளவுதான் எங்கள் தாராளம்.

போன வருஷம், அவளோடு படித்த தென்றல் வேறொரு ஊரில் இப்படித்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி போட்டாள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் அவருக்கு மூச்சுத்திணறல் வந்துவிட்டது. பிழைத்து எழுந்ததும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டுவிட்டார். வீட்டில் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று தென்றல் வேலை பார்த்த ஆஸ்பத்திரி கைகழுவியது. வேலையும் போயிற்று.

கேள்விப்பட்ட கயல்விழி ஆடிப்போனாள். கணவன் பாரிக்குத் திருப்பூரில் வேலை இருக்கும் மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. இவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் குருமூர்த்தியைத் தேடிப் போனாள். நர்ஸ்களுக்கென்றே பாலிசி உண்டாம். வேலையில் பிசகு என்று யாராவது வழக்குப் போட்டால் வக்கீல் செலவையும் நஷ்டஈட்டையும் கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம். வருஷத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டிய பணம் அவள் வீட்டு இரண்டு மாதப் பால் காசு. மகள் வெண்பாவுக்குக் கொலுசு வாங்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கட்டினாள்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கங்க. ஆஸ்பத்திரியில, டாக்டர் சொல்லிப் போட்டாத்தான் இது செல்லும். வூட்டுல போட்டீங்கன்னா கம்பெனி எட்டிக்கூடப் பாக்காது" என்றார் குருமூர்த்தி.

அன்றோடு வீட்டில் ஊசி நின்றது. தெரு சும்மா இருக்குமா? "நர்ஸம்மாவுக்குத் தலக்கனம் வந்துடுச்சு" என்று பேசியது. இத்தனை வருஷம் ஓசியில் போட்டுக்கொண்டவர்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் காதில் வாங்காமல் போய்க்கொண்டிருந்தாள்.

ஆனால் பூவாயி வந்து நின்றபோது அவளால் அப்படிப் போக முடியவில்லை. பூவாயி அடுத்த வீடு. பீங்கான் பொம்மைகளை வீட்டுக்கு எடுத்துவந்து வர்ணம் பூசுகிறவர். கயல்விழி டூட்டிக்குப் போகும்போதெல்லாம் மூன்று வயது வெண்பாவுக்குச் சோறூட்டித் தூங்க வைப்பவர் அவர்தான். அதற்காக ஒரு பைசா வாங்கியதில்லை. உடைந்த பீங்கான் சில்லு காலில் குத்திச் சீழ் வைத்துவிட்டது. கயல்விழி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி டாக்டர்தான் தினம் ஒன்றாக ஐந்து ஊசி எழுதியிருந்தார். முதல் ஊசியை அங்கேயே போட்டாயிற்று. மறுநாள் சாயங்காலம் மருந்தோடு காலை இழுத்து இழுத்து இவள் வீட்டுக்கு வந்தார்.

"வூட்டுல வேணாம் பெரியம்மா. ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனியும் எட்டிப் பாக்காது, என் பொழப்பே போயிடும்" என்றாள் கயல்விழி.

பூவாயி மருந்தை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பிவிட்டார். அன்று ஊசி போட்டுக்கொள்ளவே இல்லை.

காலையில் குழந்தையைக் கொண்டுபோய் விடக் கயல்விழிக்கு முகமில்லை. வாசலிலேயே தயங்கி நின்றாள். பூவாயியே நொண்டிக்கொண்டு வந்து கையை நீட்டினார்.

"குடு புள்ளைய. இதுக்கும் காயிதம் எழுதிக் குடுக்கணுமா? புள்ள எங்கியாச்சும் வுழுந்து வெச்சா எனக்குன்னு எந்தக் கம்பெனி இருக்குது?"

கயல்விழி அழுதுவிட்டாள். அந்த வழியாக வந்த ஆட்டோவை நிறுத்தி, பூவாயியையும் குழந்தையையும் ஏற்றித் தானும் ஏறினாள். "ஊசி முடியிற வரைக்கும் தெனமும் நானே கூட்டிட்டுப் போறேன் பெரியம்மா. அங்க வெச்சு நானே போடுறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். கயல்விழி ஊசியைப் போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வலிச்சுதா பெரியம்மா?"

"இது வலிக்கல கண்ணு. நேத்துதான் வலிச்சுது."