கார் நின்ற இடத்தில் ஒரு சுவர்

சமீபத்தில் ஒரு மதியம் எங்கள் கட்டடம் ஆடியது. லேசாகத்தான். ஜன்னல் கண்ணாடி கடகடத்தது, ஹாலில் தொங்கும் விளக்கு அசைந்தது... அவ்வளவுதான். ஆனால் ஒத்தக்கடை அபார்ட்மென்ட்டில், எட்டாவது மாடியில் இருப்பவளுக்கு அந்த 'லேசு' போதும். 

எல்லோரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்கள். நான் ஜன்னலோரச் சாப்பாட்டு மேஜையைப் பிடித்தபடி, கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் காலமான பிறகு வீட்டில் நான் மட்டும்தான். யாரை இழுத்துக்கொண்டு ஓடுவது?

அடுத்த வாரமே அசோசியேஷன்காரர்கள் கட்டட இன்ஜினீயர் ஒருவரை அழைத்து வந்தார்கள். இளம் பெண். கார் பார்க்கிங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மேல அம்புட்டு மாடியிலயும் ரூமுக்கு ரூம் சுவர் இருக்கு. கீழ பார்க்கிங்ல வெறும் தூணுதான். பூமி பலமா ஆடுனா, மொத்த அடியும் இந்தத் தூணுங்களுக்குத்தான்."

தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் பருமனாக்க வேண்டும். அதோடு, இரண்டு ஓரங்களிலும் அஸ்திவாரத்திலிருந்து கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும். ஓர் ஓரத்தில் நிற்பது என் கார். இன்னொரு ஓரம், முதல் மாடி ஹமீது பாயின் இடம். சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடை வைத்திருப்பவர்.

என் கார் என்றா சொன்னேன்? என் கணவருடைய கார். எனக்கு ஓட்டத் தெரியாது. டிரைவர் சீட், அவர் காலுக்கேற்ப பின்னால் தள்ளி வைத்தபடியே இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, "இடத்தை எடுத்துக்குங்க" என்றேன்.

பாய் மறுத்துவிட்டார்.

"ஒரு பக்கம் மட்டும் கட்டலாமே?" என்று கேட்டேன்.

"கூடாதுங்கம்மா. ஆடும்போது கட்டடம் முறுக்கிக்கும்" என்றார் இன்ஜினீயர்.

அன்று மாலை பாய் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"வேற எது வேணாலும் கேளுங்க டீச்சரம்மா. காரை ரோட்டுல விட்டுட்டு நான் எப்புடி நிம்மதியாத் தூங்குறது?"

"அன்னைக்கு மகளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினீங்களே பாய்... மேல இருந்து பார்த்தேன்."

"மேல இருந்தா? அப்ப நீங்க கீழ வரவே இல்லையா?"

"இல்ல."

பாய் அருகில் நின்ற தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலைகுனிந்தார். அன்று கீழே அவ்வளவு பேர் நின்றிருந்தார்கள். நான் வரவில்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை! எனக்கே அப்போதுதான் அது உறைத்தது.

மறுநாள் பாய் சம்மதித்துவிட்டார்.

காரை விற்றேன். வேலை தொடங்கியது. நாளெல்லாம் டிரில்லிங் சத்தம். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ வீட்டில் ஆள் இருப்பது போலிருந்தது. சுவர் முடிந்ததும் சத்தம் நின்றது. பழைய அமைதி திரும்ப வந்துவிட்டது...

நேற்று லிஃப்ட் வாசலில் பாயைப் பார்த்தேன்.

"இனிமே ஆடுச்சுன்னா பயப்படாதீங்க. நானே மேல வாரேன், உங்களைக் கூட்டிட்டுப் போக."

"சரி பாய்" என்றேன்.

ஆடாத நாளிலும் ஒரு தடவை வாருங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லிஃப்ட் கதவு மூடிவிட்டது.