இசைவாணி பிடித்து வைத்த சீட்

வடக்குப்பட்டு கங்கம்மாளின் மகள் இசைவாணிக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நடை பிந்தி, பேச்சு பிந்தி, படிப்பு ஐந்தாவதோடு நின்றது. மூளை வளர்ச்சி மெதுவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை ஊர் தன் வசதிக்குச் சுருக்கி, 'அது கொழந்த மாதிரி' என்று வைத்துக்கொண்டது. கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு தினமும் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிற குழந்தை வேறெந்த ஊரில் இருக்கிறதோ, தெரியவில்லை.

வேலை, வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில். கழுவி வரும் தட்டுகளைத் துடைத்து அடுக்க வேண்டும். கம்பெனி பஸ் வடக்குப்பட்டில் கிளம்பி, ஒரகடம் லேடீஸ் ஹாஸ்டலில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். முதலில் ஏறுகிறவள், பின்னால் வரப்போகும் சிநேகிதிக்காகப் பக்கத்தில் பையை வைத்து சீட் பிடிப்பது அந்த பஸ்ஸின் சட்டம். பை இருக்கும் இடத்தில் எவளும் உட்காரமாட்டாள். இசைவாணியும் இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைப்பாள். யாருக்காக என்று கேட்டால் அவளிடம் பதில் கிடையாது. எல்லோரும் "இசை, சாப்ட்டியா?" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் தங்கள் சிநேகிதிகளிடம் போய்விடுவார்கள். ரொம்ப நாள் அந்தச் சாப்பாட்டுப் பைதான் அவளோடு பிரயாணம் செய்தது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் சேர்ந்த தங்கமாரிக்கு இந்தச் சட்டம் தெரியாது. முதல் நாளே பையைத் தூக்கி இசைவாணியின் மடியில் வைத்தாள்.

"ஏளா, அங்கிட்டுத் தள்ளி உக்காரு. இடுப்பு ஒடியுது."

கன்னத்தைக் கிள்ளவில்லை. வழியெல்லாம் தன் லைன் சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் இசைவாணியிடம் ஏதோ கேட்டாள். பதில் வர நேரமானது. தங்கமாரி காத்திருந்தாள். மறுநாளிலிருந்து இசைவாணி சீட் பிடித்தது தங்கமாரிக்காக. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பானிபூரி சாப்பிடப் போனார்கள். ஒருமுறை இசைவாணி பாதி வழியில் அடம்பிடித்து உட்கார்ந்தபோது, "அப்ப நீ இங்கனயே கெட" என்று தங்கமாரி தன் பாட்டுக்கு நடந்தாள். இசைவாணி எழுந்து பின்னால் ஓடினாள். அம்மாகூட அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

அப்புறம் முத்துச்செல்வி வந்தாள். தங்கமாரிக்குப் பக்கத்து ஊர்; அதே ஹாஸ்டலில் தங்கி, கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தாள். தங்கமாரி ஒருநாள் இங்கே, ஒருநாள் பின்சீட்டில் முத்துச்செல்வியோடு என்று உட்கார ஆரம்பித்தாள். இங்கே உட்கார்ந்த நாளிலும் கழுத்து பின்னால்தான் திரும்பியிருக்கும். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவைப் பற்றி, யாரோ ஒரு வாத்தியாரைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள். இசைவாணியும் சிரித்துப் பார்த்தாள். அவள் சிரிக்கும்போது அவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள். ஒருநாள் தங்கமாரி முத்துச்செல்வியையும் 'ஏளா' என்று கூப்பிட்டாள். அந்த 'ஏளா' தனக்கு மட்டும் என்று இசைவாணி நினைத்திருந்தாள்.

முத்துச்செல்வி கெட்டவளாக இருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ நல்லவள். இசைவாணிக்கு கிளிப் வாங்கிக் கொடுத்தாள். இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கிறவள், கிளிப்பைக் கொடுத்துச் சரிக்கட்டப் பார்க்கிறாள் என்று இசைவாணி அதைக் கேன்டீன் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

ஒருநாள் தங்கமாரி ஓவர்டைம் பார்த்துவிட்டு ராத்திரி கம்பெனியிலேயே தங்கிவிட்டாள். மறுநாள் காலையில் ஹாஸ்டல் வாசலில் எல்லாரும் ஏறிய பிறகு டிரைவர் அப்பாவு கண்ணாடியில் பார்த்தார்.

"அந்தப் புதுப் பொண்ணு இன்னும் வர்லியே. இன்னா, நிக்கட்டுமா?"

"அவ லீவு" என்றாள் இசைவாணி.

"நெசமாவா?"

"இசைக்குப் பொய் சொல்ல வராதுண்ணா. வண்டிய எடு" என்றாள் முன்சீட்டு ஷெர்லின்.

பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியே இசைவாணி பார்த்தாள். முத்துச்செல்வி கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தாள். இசைவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பஸ்ஸை விட்டுவிட்டு நேரம் கழித்து வந்த முத்துச்செல்வியைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் டிரெய்னியாக வைத்துக்கொள்ள மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பஸ் முழுக்க விஷயம் தெரிந்தது. ஷெர்லின், "அதுக்கு இன்னா தெரியும், பாவம்" என்றாள். அப்பாவு, "கொழந்த மாதிரி, வுடு" என்றார். எல்லாரும் மன்னித்துவிட்டார்கள். தங்கமாரி மட்டும் இசைவாணி பிடித்து வைத்த சீட்டைத் தாண்டிப் போய் முத்துச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த நாளும் அப்படியே. பை மறுபடி இசைவாணியோடு பிரயாணம் செய்தது. அவள் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கங்கம்மாள் மகளை இழுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள்.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தெரியாம சொல்லிட்சு. நீ பேசலன்னு வூட்ல சோறு துன்னாம கீது."

"தெரியாமச் சொல்லல பெரியம்மா" என்றாள் தங்கமாரி. "அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லியிருக்கா. தெரியாதவளா இருந்தா நான் எதுக்குக் கோவப்படப் போறேன்?"

இசைவாணி அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னவர் யாருமில்லை. திட்டு விழுந்த இடத்தில் நின்றுகொண்டு அவளுக்கு அழுகையும் வந்தது, நெஞ்சு நிமிர்ந்தும் போனது.

"முத்துச்செல்விகிட்ட மன்னிப்பு கேளு" என்றாள் தங்கமாரி.

"நான் கேக்கறேம்மா" என்று கங்கம்மாள் முந்தினாள்.

"நீ வராத" என்று அம்மாவை நிறுத்திவிட்டு, இசைவாணி தனியாக மாடி ஏறினாள். முத்துச்செல்வி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தான் லீவுன்னு சொன்னேன். பொய் அது. எனக்கு உன்னப் புடிக்கல."

"எதுக்குப் பிடிக்கல?"

இசைவாணிக்குப் பதில் வர நேரமானது. முத்துச்செல்வி ஈரத் துணியோடு காத்திருந்தாள்.

"தங்கமாரி உன்கூட சிரிக்குது."

முத்துச்செல்வி துணியை உதறிப் போட்டாள். "நான் இங்க வந்து பேச ஆளில்லாம அழுதுட்டுக் கெடந்தேன். எனக்கும் அவ ஒருத்திதான். இனிமே எனக்கு லீவுன்னா நானே சொல்லுதேன். நீ சொல்லாத, என்ன?"

"சரி" என்றாள் இசைவாணி. "ஆனா இன்னும் புடிக்கல."

"போகப் போகப் பார்ப்போம்."

திங்கட்கிழமை ஹாஸ்டல் வாசலில் பஸ் நின்றது. அப்பாவு இசைவாணியிடம் எதையும் கேட்காமல், தானே இறங்கிக் கேட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். தானும் பொய் சொல்லக்கூடியவள் என்று அவர் கண்டுகொண்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தங்கமாரியும் முத்துச்செல்வியும் ஏறினார்கள். இசைவாணி தன் பழைய சீட்டில் இல்லை. எதிர்ப்பக்கத்து மூன்று பேர் சீட்டில், ஜன்னலோரம் பையையும் இந்தப் பக்கம் தண்ணீர் பாட்டிலையும் வைத்து இரண்டு இடம் பிடித்திருந்தாள்.

நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏளா, நீ ஜன்னலுக்குப் போயேன். நாங்க பேசிக்கிட்டு வருதோம்" என்றாள் தங்கமாரி.

"மாட்டேன்" என்றாள் இசைவாணி. "என் வழியாப் பேசுங்க."