சாறு மட்டும் கொடுத்தேன்

காலை பத்து இருபதுக்கு என் மகள் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். உடல் எடையைக் குறைக்க வயிற்றில் அறுவை சிகிச்சை செய்து நான்கு வாரம் ஆகியிருந்தது. கடைசி இரண்டு வாரம் மருத்துவமனையில் கோழியை அரைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அடைத்துக்கொள்ளுமோ என்ற பயத்தில், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைப்பதுபோல் வடிகட்டிச் சாற்றை மட்டும் கொடுத்தேன், சக்கையைக் கொட்டினேன்.

விழுவதற்கு முந்தின நாளே, "தலை சுத்துதும்மா," என்றாள்.

"ஆப்ரேஷன் பண்ண உடம்பு, அப்படித்தான் இருக்கும்லா," என்றேன்.

செமோரிலிருந்து ஈப்போ மருத்துவமனைக்கு எப்படிக் கார் ஓட்டினேன் என்று நினைவில்லை. இப்போது எதையும் வடிகட்டுவதில்லை. மையாக அரைத்து அப்படியே கொடுக்கிறேன்.

அவள் விழுந்த அன்று மாலை, மருத்துவமனை உணவு ஆலோசகர் வந்தார். நான் சொன்னதைக் கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனி அவ உடம்பு சத்தக் கொஞ்சந்தான் எடுக்கும். அந்தக் கொஞ்சமும் சக்கையிலதான் இருந்துச்சு. ரெண்டு வாரமா பிள்ளை பட்டினி, அக்கா."