இடிக்கு இறக்கிய மெயின்

அப்படியா சொன்னா அந்த எதிர்வீட்டுக்காரி? நீ அதை நம்பாதம்மா. எம்மவ சூட்டைக் கூட்டி வச்சு விதைநெல்லைக் கெடுத்துட்டான்னு தெருவே பேசுது. மில்லுக்காரரே அப்படித்தான் சொல்லிட்டாரு. "சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு சூட்டை ஏத்திட்டே. ஒரு நெல்லு முளைக்கல. இனிமே வேலைக்கு வராதே."

நெல்லு உலர்த்துற மிஷினை இத்தனை நாளா அவதானே பார்த்துக்கிட்டா? எவ்வளவு சூடுன்னு அங்க ஒரு கம்ப்யூட்டர்ல தானா பதிஞ்சுக்கிட்டே இருக்குமாம். அதைப் பார்த்தா தெரிஞ்சிடும்ல? அந்த ஃபைல் திறக்கவே இல்ல. கெட்டுப்போச்சுங்குது.

என் மருமவ, கூத்தாநல்லூர் பக்கத்துப் பொண்ணு, வீட்டுலேர்ந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்குதே, டீயில சக்கரையே போடாது, அதுதான் சொல்லுச்சு, "பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டு வாங்க அண்ணி, பார்ப்போம்"னு.

எம்மவ கொண்டாந்து குடுத்ததும் மருமவ தன் கம்ப்யூட்டர்ல போட்டுச்சு. படம் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் கறுப்புத் திரை. ஒரே ஒரு வரிதான் தட்டுச்சு. முறத்துல புடைச்சாப்புல கெட்டதைத் தள்ளிட்டு நல்ல வரியெல்லாம் கடகடன்னு வந்து விழுது. ஒரு எழுத்து எனக்குத் தெரியாது, ஆனா பார்க்கப் பார்க்க அப்படி ஒரு சந்தோஷம். கையைத் தட்டிட்டேன்.

"இருங்க அத்தை. மொதல்ல சூடு சரியாத்தான் இருக்கு. ஆனா நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணுமே பதியல. கரன்ட் போச்சா அண்ணி?"

எம்மவ முகம் செத்துப்போச்சு. "இடி இடிச்சுது. நான்தான் மெயின் சுவிட்சை இறக்கினேன்."

யாருதான் இறக்கல? மேலத்தெருவுல டிவியெல்லாம் புகைஞ்சதுலேர்ந்து, வானம் லேசா உறுமினாலே ஊரே மெயினை இறக்குது. நீயும்தான். அந்தப் பழக்கத்துல மில்லுலயும் இறக்கிட்டா. ஃபைல் உடைஞ்சது அப்பத்தான். காத்து ஊதுற ஃபேனும் நின்னுபோச்சு. உமி அடுப்பு மட்டும் எரிஞ்சுக்கிட்டே கெடந்திருக்கு. திரும்ப மெயினைப் போட்டப்ப நெல்லு வேகுற சூடு. அதுவும் பதிஞ்சிருக்கு.

"இடிக்கு முன்னாடி உள்ளதை மட்டும் மில்லுக்காரர்கிட்ட காட்டலாம் அண்ணி"ன்னு மருமவ மெல்லச் சொல்லுச்சு.

"முழுசாக் காட்டுறேன். அவருக்கு இது தெரியாட்டி, நாளைக்கு வேற ஒருத்தியும் இடிச்சா இறக்கத்தான் செய்வா."

"வேலை போயிடுமேடி"ன்னேன்.

"இப்ப மட்டும் இருக்காம்மா?"

காலையில மில்லுக்குப் போனவ. இன்னும் ஒரு போன் இல்ல. அந்தாளு என்ன சொல்றாரோ, இவ என்ன... இரும்மா, சோறு பொங்கி அடுப்பை அணைக்குது. வடிச்சுட்டு வர்றேன்.